முப்பத்தொன்றாம் படம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். உன் இருமல் விட்டதா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள் அம்மா. இரண்டாம் வரிக்கு வந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

நீ எழுதி அனுப்பிய மூன்று செஸ் ஆட்டங்களையும் நோட்டில் ஏற்றிவிட்டேன். இரண்டாவது ஆட்டத்தில் பத்தொன்பதாம் நகர்வு உன் கையெழுத்தில் புரியவில்லை. பலகையில் வைத்துப் பார்த்தேன். குதிரை ஒரே ஒரு கட்டத்தில்தான் உயிரோடு இருக்கும். அங்கேயே இருப்பதாக எழுதிவிட்டேன். தப்பென்றால் சொல், அழித்துக்கொள்கிறேன்.

சலவைக்கூடத்தில் வேலை அதிகம். புதிதாக ஒரு பெரிய விடுதியின் படுக்கை விரிப்புகளும் எங்களிடம் வருகின்றன. ஒரு முனையை நான் பிடிக்கிறேன், மறுமுனையை ரேடியோ அக்கா பிடிக்கிறாள். நாலு மடிப்பு, அப்புறம் இஸ்திரி உருளை. நான் பேசாததால் என் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள். நேற்று கேட்டாள்.

"உங்கண்ணன் வெளியூர்ல என்ன பண்றான்?"

"செஸ் ஆடுறான்க்கா."

"அது சரிடி. வேலை என்ன பண்றான்?"

விரிப்பை மடித்தேன்.

பரணில் நம் பழைய நோட்டு கிடைத்தது. நூலகத்தில் வெளியே கொடுக்காத அந்தத் தடிப் புத்தகத்தைப் பார்த்து நான் வரைந்த நாற்பது படங்களும் அப்படியே இருக்கின்றன. உலகத்தின் பெரிய ஆட்டங்கள் முடிந்த இடங்கள். பெயர்கள் வாயில் நுழையாமல் நாமே பெயர் வைத்தோமே, தாடிக்காரர், இருமல்காரர், சிலை. படித்துச் சிரித்தேன். அம்மா என்னவென்று கேட்டாள். நோட்டைக் காட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஜனவரி 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல். உண்மையில் பாதிதான் போயிருக்கிறது, அதைச் சொல்லாதே. குதிரை நீ வைத்த இடத்தில்தான் இருந்தது.

உட்கார்ந்துகொண்டு படி. அடுத்த போட்டியில் மொத்தம் பத்துப் பேர். எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று போட்டிகளில் தேற வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, இரண்டு முடிந்துவிட்டது, இது மூன்றாவது. கடைசிச் சுற்றில் எனக்கு எதிரே உட்காரப்போவது யார் தெரியுமா? சிலை.

நிஜமாகவே அவர்தான். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் அப்படியே உட்காருகிறார், கண் மட்டும் நகர்கிறது. நேற்றுக் கூடத்தில் அவரைக் கடந்து போனேன். வணக்கம் சொல்ல வாயைத் திறந்து, "மணி என்ன ஆச்சுங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்.

அவருடைய ஆட்டம் முடிந்த முப்பத்தொன்றாம் படத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கருப்புக் காய்களோடு ஆடி, ராணியையே தூக்கிக் கொடுத்தார். எதிரே இருந்தவரும் உலகம் அறிந்த ஆட்டக்காரர். ஒரு நகர்வுகூட மேலே ஆடாமல் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார். பதினைந்து வயதில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இதுதான் என் வேலை என்று முடிவு செய்தேன். ரேடியோ அக்கா கேட்டால் இதைச் சொல்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன் அண்ணன்

*

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் மாடிப்படியில் மட்டும் தகராறு செய்கிறது. உன் கடிதத்தை அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இருமல் பாதிதான் போயிருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தத் தெரியாமல் வாசித்துவிட்டேன். இனிமேல் அப்படிப்பட்டதைக் கடைசியில் தனித்தாளில் எழுது.

"சிலைன்னா யாருடி?" என்றாள்.

"அண்ணனோட சாமி மாதிரிம்மா."

"சாமிகூட எதுக்குப் போட்டி போடுறான்?"

ரேடியோ அக்காவிடமும் சொன்னேன். இப்போது சலவைக்கூடம் முழுக்கத் தெரியும். உருளை ஓட்டுபவர், துணி எண்ணுபவர், முதலாளியின் மனைவி எல்லோரும் கடைசிச் சுற்று எந்தத் தேதி என்று கேட்கிறார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் வேலைக்கு வந்ததற்கு யாராவது வருத்தப்பட்டால் உன் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பயப்படாதே அண்ணா. அவரும் ஒரு நகர்வுதான் நகர்த்துவார், நீயும் ஒன்றுதான்.

உன் தங்கை

*

பிப்ரவரி 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் தோற்றுவிட்டேன்.

கடைசிச் சுற்றில் சமன் செய்திருந்தாலே போதும். முப்பத்தேழு நகர்வு வரை நன்றாகத்தான் போனது. முப்பத்தெட்டில் அவர் ராணியைத் தூக்கி என் யானைக்கு எதிரே வைத்தார். அதே நிலை. என் ராஜா வலது மூலையில், முன்னால் மூன்று சிப்பாய், ஓரத்துச் சிப்பாய் மட்டும் ஒரு கட்டம் ஏறியிருக்கிறது. அவருடைய யானையும் மந்திரியும் அதே இடங்களில். முப்பத்தொன்றாம் படம் என் கண் முன்னால் உயிரோடு இருந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நான்.

கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெரிய ஆட்டக்காரரே கை கொடுத்த இடம். நானும் கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுத்தேன்.

அவர் உடனே கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆட்டத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், நோட்டில் ஏற்று. ஏப்ரல் கடைசியில் இன்னொரு போட்டி இருக்கிறது. பயிற்சியாளர் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார், மார்ச் 31க்குள் சரி என்று சொல்ல வேண்டும். சொல்வேனா தெரியவில்லை. ஆறு வருஷமாகத் தெரிந்த ஒரு பொறியில் நேராக நடந்து போய் விழுந்தவனுக்கு இனிமேல் என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அண்ணன்

*

மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

அம்மாவிடம் சொன்னேன். "போகட்டும், சாமிகிட்டதானே தோத்தான்" என்றாள். பிறகு அன்றைக்கு முழுக்க ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் ரேடியோ அக்கா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முதன்முறையாக ஒரு முழு வண்டித் துணியைப் பேசாமலே மடித்தாள்.

ஆட்டத்தை இன்னும் நோட்டில் ஏற்றவில்லை. வேலை அதிகம்.

ஒரு சந்தேகம். நான் கேட்பது முட்டாள்தனமாக இருந்தால் விட்டுவிடு. அந்த இடத்தில் ராஜா எங்கேயும் நகர முடியாதா?

உன் தங்கை

*

மார்ச் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

முட்டாள்தனமான கேள்வி இல்லை, எல்லோருக்கும் வரும் கேள்விதான். ஓரத்துச் சிப்பாய் ஏறியிருப்பதால் ராஜா அந்தப் பொந்து வழியாக வெளியே வரலாம். வந்து எங்கே போவது? ஒவ்வொரு அடிக்கும் செக். நடுத்தெருவில் வைத்து அடிப்பார்கள். அந்தப் பெரிய மனிதருக்குத் தெரியாத வழியா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? அவர் கை கொடுத்தார் என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நீ ஆட்டத்தை ஏற்றிவிடு. தோற்ற ஆட்டத்துக்கும் நோட்டில் இடம் உண்டு.

விஷயம் வேறு. துறைமுகத்தில் எடைமேடையில் எழுத்தர் வேலை ஒன்று வந்திருக்கிறது. கடல் தாண்டிப் போக வேண்டும், மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் விடுப்பு கிடையாது. எடை மேடையில் லாரி ஏறும், எண்ணைப் படித்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் மார்ச் 31க்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

பயிற்சியாளர் ஆடு என்கிறார், அவருக்கு அது தொழில். அறையில் இருப்பவன் போ என்கிறான், அவனுக்கு என் கட்டில் வேண்டும். உன்னிடம் மட்டும்தான் நிஜமாகக் கேட்கிறேன். என் எல்லா ஆட்டங்களையும் எழுதியவள் நீ. நீ என்ன சொல்கிறாய்?

அண்ணன்

*

மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு வாசிக்கவில்லை. நீ நன்றாக இருப்பதாகவும் அங்கே வெயில் அதிகம் என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போயிருந்தேன். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடி போட்ட அம்மா இன்னும் இருக்கிறார்கள். "வளர்ந்துட்டியே" என்றார்கள். திரும்பும்போது நல்ல மழை. இரண்டு நாளாகக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. இப்போது சரியாகிவிட்டது, அதற்காக நீ கவலைப்படாதே.

நீ கேட்டதற்குப் பதில். ஆடு அண்ணா. அந்த வேலைக்குப் போகாதே. ஏனென்று எழுத நாலு தாளைக் கிழித்துவிட்டேன், வரவில்லை. காரணம் இல்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆடு.

உன் தங்கை

*

ஏப்ரல் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் காய்ச்சல் முழுக்க விட்டதா? மழையில் நனைந்தால் தலையைத் துவட்டும் பழக்கம் உனக்கு எப்போதும் கிடையாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபதாம் தேதி கப்பல். போட்டியில் என் இடத்தை ஒரு பதினாறு வயதுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள், நல்ல ஆட்டக்காரன். பலகையையும் கடிகாரத்தையும் அவனுக்கே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அப்போ நீங்க எதுல ஆடுவீங்க?" என்றான். கதவைச் சாத்தினேன். பாவம், பயந்திருப்பான்.

உன் மேல் கோபம் இல்லை. முப்பதாம் தேதி வரை உன் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். வந்தது. மூன்று முறை படித்தேன். ஆடு என்று சொல்ல உனக்கே ஒரு காரணம் கிடைக்கவில்லை, பார்த்தாயா? அன்பினால் சொல்கிறாய் என்று புரிந்தது. அன்பை வைத்துக்கொண்டு பலகையில் ஒன்றும் செய்ய முடியாது.

புது முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. அம்மாவிடம் நானே எழுதிச் சொல்கிறேன்.

அன்புடன் அண்ணன்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ கப்பல் ஏறும் முன் இது உன் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் ஆட்டம் தோற்ற ஆட்டம் இல்லை. உன் ராஜா பொந்து வழியாக வெளியே வந்து, மேலே ஏறி, பலகையைக் குறுக்கே கடந்து இடது பக்கம் உன் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். வழியில் பதினொரு செக். பன்னிரண்டாவது செக் வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. உன்னிடம் ஒரு ராணி அதிகமாக இருக்கும். எல்லா நகர்வுகளையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அவர் வேறு மாதிரி செக் வைத்தால் என்ன என்பதையும் எழுதியிருக்கிறேன். இருபது முறை சரிபார்த்தேன்.

இது எனக்குப் பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதியே தெரியும். நோட்டில் ஏற்றப் பலகையில் வைத்தபோது, கை தானாக ராஜாவை நகர்த்தியது. எட்டாம் வகுப்போடு நின்றவள், உலகப் பெரிய ஆட்டக்காரர் பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படி எழுதுவது? வெட்கமாக இருந்தது. எங்கோ தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். அதனால்தான் கேள்வி போல ஒரு வரி எழுதினேன். நீ இல்லை என்று சொன்னதும் நம்பப் பார்த்தேன். ஆனால் பலகை ஒத்துக்கொள்ளவில்லை. சரி, புத்தகத்தையே பார்த்துவிடலாம் என்று நூலகத்துக்குப் போனேன்.

புத்தகத்தில் முப்பத்தொன்றாம் படத்தில் ஓரத்துச் சிப்பாய் ஏறவில்லை அண்ணா. வீட்டுக் கட்டத்திலேயே நிற்கிறது. பொந்தே கிடையாது. ராஜா மூலையில் அடைபட்டிருக்கிறது, இரண்டு நகர்வில் செக்மேட். அதனால்தான் அந்தப் பெரியவர் கை கொடுத்தார்.

நம் நோட்டில் அந்தச் சிப்பாயை ஏற்றியவள் நான். அன்றைக்குக் கண்ணாடி அம்மா நூலகத்தை மூட மணி அடித்துவிட்டார்கள். அவசரத்தில் பேனாவிலிருந்து ஒரு சொட்டு அந்தக் கட்டத்தில் விழுந்தது. மைக்கு மேல் சிப்பாயை வரைந்தால் தெரியாது. மேல் கட்டத்தில் வரைந்துவிட்டு உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ வாசலிலேயே நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். நான் பின்னால் ஓடி வந்தேன். வீட்டுக்கு வந்தபோது மறந்துபோனேன். அது கருப்புக் கட்டம் என்பதால் மை கொட்டியது யாருக்கும் தெரியவில்லை.

நீ நம்பியது அந்தப் பெரிய மனிதரை அல்ல, என் கையை. நூலகத்திலிருந்து வந்த பிறகு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். கிழித்த நாலு தாளிலும் இதுதான் இருந்தது.

கப்பல் ஏறாதே அண்ணா. ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்க ஏதாவது வழி இருக்கும். பயிற்சியாளரிடம் அந்தத் தனித்தாளைக் காட்டு.

உன் தங்கை

*

மே 21

அறையை முன்பே காலி செய்துவிட்டதால் உன் கடிதம் முகவரி மாறி இங்கே வந்து சேர்ந்தது. கப்பலிலிருந்து இறங்கிப் பதினைந்து நாளான பிறகு கிடைத்தது.

இங்கே பலகை இல்லை. எடைச்சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டு நடத்திப் பார்த்தேன். பன்னிரண்டாவது செக் இல்லை. நீ எழுதியது சரி. நானோ பயிற்சியாளரோ கண்டுபிடித்திருக்க மாட்டோம். சிலை அன்றைக்கு என் கையை ஏன் உடனே விடவில்லை என்று இப்போது தெரிகிறது.

பதினொரு வயதில் ஒரு சொட்டு மை கொட்டியது குற்றமே இல்லை. அதை நினைத்து நீ அழ வேண்டாம்.

பிப்ரவரி இருபத்தைந்துக்கும் மார்ச் முப்பத்தொன்றுக்கும் நடுவில் முப்பத்துநாலு நாள். நான் உன்னிடம் கேட்டேன்.

*

ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அம்மாவும் நலம். அங்கே உன் உடல்நலம் எப்படி இருக்கிறது? ஜூன் மாதம் எழுதிய இரண்டு கடிதங்களும் உனக்குக் கிடைத்தனவா என்று தெரியவில்லை. பதில் வராததால் கேட்கிறேன், அவசரம் இல்லை.

அம்மா பெயருக்கு நீ எழுதிய கடிதம் சனிக்கிழமை வந்தது. வேலை முடிந்து வந்ததும் வாசித்துக் காட்டினேன். எடைமேடை, லாரிகள், கடல் காற்றில் இரும்பெல்லாம் துருப்பிடிப்பது, உன் அறைக்குக் கிழக்குப் பக்கம் ஜன்னல் இருப்பது, எல்லாம் அம்மாவுக்குப் பிடித்திருந்தது. இருமல் சுத்தமாகப் போய்விட்டது என்ற வரியை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். ரேடியோ அக்காவை நீ விசாரித்ததை அவளிடம் சொன்னேன். "எனக்குக்கூட எழுதறான் பாரு" என்று கண் கலங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மா, தபால்காரர் எல்லோருக்கும் உன் விசாரிப்பைச் சொல்லிவிட்டேன். யாரையும் விடவில்லை.

கடிதத்தை மடித்தபோது அம்மா கையைப் பிடித்தாள்.

"அவ்வளவுதானா? உன்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?"

தாளை மறுபடி விரித்தேன். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி ஒழுங்கா சாப்பிடுறாளான்னு கேட்டிருக்கான்மா" என்று வாசித்தேன்.

"பார்த்தியா, அவனுக்கு எப்பவும் உன் நினைப்புதான்" என்றாள் அம்மா. "கேட்டவனுக்குப் பதில் போட வேண்டாமா? இன்னைக்கே எழுது."

எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

சாப்பிடுகிறேன் அண்ணா.

உன் தங்கை